கொல்லிமலை ஏறிய காரும் அதன் வாலும்

பேளுக்குறிச்சியில் நான் வந்து இறங்கியதும் எனக்கு முதலில் அறிமுகமானது ஒரு கார். என் சித்தி மகள் மலர்விழி அடுப்படியில் இருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவள் கணவர் துரைசாமி என் பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வாசலில் நின்ற வெள்ளைக் காரைச் சுற்றி என்னை நடத்திக் காட்டிவிட்டார். வலமாகத்தான் சுற்றினோம். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை.

"உங்கள் காடி அழகாக இருக்கிறது, மாப்பிள்ளை" என்றேன். அவர் முகம் சுருங்கியது. நான் பிறந்து வளர்ந்த ஈப்போவில் காரைக் காடி என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கத்தில் அது புளித்த தண்ணீராம். மலர் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பும்வரை அந்த வண்டிக்கு அவள் வைத்த பெயர் காடி.

மலேசியாவிலிருந்து நான் வந்த காரணம் வேறு. எங்கள் கோயில் மாதர் குழு, கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் (அந்த மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்) பெண்கள் குழு ஒன்றுக்கு சாமையும் தினையும் உமி நீக்கும் இயந்திரம் வாங்க உதவியிருந்தது. அந்தப் பெண்கள் குழுவின் வேலைகளை மலர்தான் பார்த்துக்கொள்கிறாள். இயந்திரம் மலையேறி ஓடுவதைக் கண்ணால் பார்த்து வீடியோ எடுத்து வரும்படி என்னை அனுப்பினார்கள். பல் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இயந்திரச் சத்தத்துக்குப் பயப்பட மாட்டேன் என்று அவர்களாக முடிவு செய்துகொண்டார்கள்.

அன்று சந்தை நாள். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் தயிரும் ஆனபிறகு, துரைசாமி என்னைக் காரில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். மலர் வரவில்லை. சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டேரிங்கைத் தானே லேசாக இழுக்கும். பேளுக்குறிச்சிச் சந்தை ரோட்டில் கோட்டைத் தாண்டாமல் ஓட்ட வேண்டுமானால் வண்டியை வீட்டிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அது விடாமல் முனகிக்கொண்டே வந்தது. துரைசாமி குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் ஸ்டேரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

மிளகு, சீரக மூட்டைகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தோம். தலையில் வாழைத்தார் வைத்த ஒருவர் குறுக்கே வந்தார். துரைசாமி பிரேக்கைத் தொடவில்லை. கார் தானாகவே நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதுபோல் நின்றது. பெல்ட் என் தோளை இறுக்கியது. வாழைத்தார்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். பின்னால் மொபெட்டில் வந்த ஒருவர் தன் மனைவியிடம் சொன்னது கண்ணாடி வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"காரு பயந்துக்கிச்சு."

துரைசாமி அது காதில் விழாததுபோல் இருந்தார். முன்னால் ஆள் வந்தால் தானே நிற்கும், வழுக்கினால் சக்கரத்தைத் தனித்தனியாகப் பிடிக்கும், மேட்டில் நின்றால் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

ஏன் என்று தேநீர்க் கடையில் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்பு அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்திருக்கிறது. மிளகு மூட்டை வாங்கப் போகும்போது மலரையும் கூட்டிப்போயிருக்கிறார். மலைப்பாதையில் ஒரு வளைவில் எஞ்சின் அணைந்து, ஜீப் பின்னாலேயே உருண்டு, ஓரச் சுவரில் மோதி நின்றது. சுவர் இல்லாவிட்டால் என்று அவர் ஆரம்பித்து முடிக்கவில்லை. மலருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. குணமானதும் அவள் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். வாரத்தில் பாதி நாள் மலைக்குப் போகிறவள், இவரோடு ஒரு நாளும் வண்டியில் ஏறவில்லை. திட்டவும் இல்லை.

"திட்டியிருந்தா பரவால்லீங்க அக்கா" என்றார். ஜீப்பை விற்றுவிட்டு, இருப்பதிலேயே பத்திரமானது எது என்று ஊரெல்லாம் விசாரித்து இந்தக் காரை வாங்கியிருக்கிறார். வாங்கி ஒரு வருடம் ஆகிறது. முன் இருக்கையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.

மறுநாள் இயந்திரத்தை ஏற்றிப்போக டிரெய்லர் வாங்கப் போனோம். அதை வாடகைக்கு விடுபவர் ரஹீம் பாய், அடிவாரத்தில் இரும்புக் கடையும் பட்டறையும் வைத்திருப்பவர். பட்டறை பக்கம்தான் என்பதால் மலரும் நடந்தே வந்து சேர்ந்துகொண்டாள். பாய்க்கு அறுபது வயதிருக்கும், மருதாணி போட்ட தாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. டிரெய்லர் கொடுப்பதைப் பெண் கொடுப்பதுபோல் நடத்தினார். காரின் பின்னால் முறைப்படி கொக்கி பொருத்தியிருக்கிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். பிறகு ஓட்டுபவர் யார் என்று கேட்டார். துரைசாமி தான்தான் என்றதும், பழைய ஜீப் ஞாபகத்தில் வந்ததோ என்னவோ, இரண்டு டீ வரவழைத்து யோசித்தார்.

யோசனைக்குப் பின் பாடம் தொடங்கியது. பாரம் முன்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். டிரெய்லரின் மூக்கைத் தூக்கினால் முதுகு கொஞ்சம் முனக வேண்டும். பாரம் பின்னால் போனால் டிரெய்லர் காரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். கொக்கி விட்டுப்போனாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது, இறக்கத்தில் எந்தக் கியரில் வருவது என்று போய்க்கொண்டே இருந்தார். துரைசாமி அந்த நேரத்தில் காரின் கேமரா எப்படி டிரெய்லரைக் காட்டுகிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் பாயின் பட்டறைப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடத்தை முழுதாகக் கேட்டவள் மலர் ஒருத்திதான்.

கடைசியில் பாய் ஒரு நிபந்தனை சொன்னார். தானும் கூட வருவார். மருமகன் வீட்டுக்குப் பெண்ணோடு முதல் முறை போகும் தகப்பன் மாதிரி.

ஆக, மலையேறும் நாளில் முன்னால் துரைசாமியும் பாயும், பின்னால் நான், அதற்கும் பின்னால் டிரெய்லரில் தார்ப்பாய் போர்த்திய இயந்திரம். மலர் வழக்கம்போல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வாரேன்" என்று எனக்குக் கை காட்டினாள். கணவரைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கேமரன் மலை இருக்கிறது. அங்கே வளைவுகள் உண்டு, ஆனால் அவை வளைவதற்கு முன் யோசிக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை, அதன் மேல் ஒரு குரங்கு. கார் ஒவ்வொரு வளைவிலும் கோட்டைத் தாண்டுகிறாய் என்று கத்தியது. பாய் ஒவ்வொரு கத்தலுக்கும் "சரி சாமி, சரி" என்று பதில் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று கேட்டேன். காரைத்தான் என்றார்.

பாதி தூரம் ஏறியபோது துரைசாமி ஒரு வளைவைக் கார் மட்டும் இருப்பதுபோல் ஒடித்துத் திரும்பிவிட்டார். கார் திரும்பியது. வால் குறுக்கு வழியில் வந்தது. டிரெய்லரின் உள்பக்கச் சக்கரம் ஓரத்து வடிகாலின் விளிம்பில் ஏறி நின்றது. இன்னும் ஒரு சாண் முன்னால் போயிருந்தால் உள்ளே இறங்கியிருக்கும். கொஞ்சம் பின்னால் எடுத்து, அகலமாகத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கார் பின்னால் போக மறுத்தது. ரிவர்ஸ் போட்டதும் பின்னால் ஏதோ பெரிய பொருள் இருக்கிறது என்று அலறி, தானே பிரேக் போட்டுக்கொண்டது. அந்தப் பெரிய பொருள் டிரெய்லர்தான். அதை நாமேதான் மாட்டியிருக்கிறோம் என்று காருக்கு யார் சொல்வது? துரைசாமி மறுபடி முயன்றார். அலறல், பிரேக். மறுபடியும். அவர் கழுத்தின் பின்புறம் வியர்வை ஓடியது. பாய் குதித்து இறங்கி, கையோடு கொண்டுவந்திருந்த மரக்கட்டைகளைச் சக்கரங்களுக்குப் பின்னால் திணித்தார்.

அப்போது பின்னால் பஸ் வந்து நின்றது.

கண்டக்டர் இறங்கினார், பிறகு பாதி பஸ் இறங்கியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் காரைத் தூக்கிவிடலாம் என்றார். ஒரு பெண் எதற்கும் தேங்காய் உடைக்கச் சொன்னாள். மலர் எல்லோருக்கும் கடைசியாக இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. பின்னால் சரிவு, ஓரச் சுவர், நடுவில் இவர். அவளுக்கு எந்த நாள் ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

மலர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, திரையில் எதையோ தொட்டாள். அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. அலறல் நின்றது.

"பின்னாடி தானா பிரேக் புடிக்கறத மட்டும் நிறுத்தியிருக்கறனுங்க. இப்ப மெதுவா எடுங்க. மேல போனதும் மறக்காம போட்டு உடோணும்" என்றாள்.

பாய் கட்டைகளை எடுத்து ஓர் அடி பின்னால் வைத்தார். கார் கீழ்ப்படிந்து பின்னால் வந்தது. அகலமாக ஒடித்துத் திரும்பியதும் பஸ் ஆட்கள் தாங்களே தள்ளி ஏற்றியதுபோல் கைதட்டினார்கள்.

இது உனக்கு எப்படித் தெரியும் என்று துரைசாமி கேட்டார். மதியம் நீங்கள் தூங்கும்போது காரில் போய் உட்கார்ந்திருப்பேன் என்று அவள் சொன்னாள். எத்தனை நாளாக என்று அவர் கேட்க, வாங்கிய வாரத்திலிருந்து என்றாள். ஓட்டவில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறாள். கண்டக்டர் விசில் ஊதினார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் கார் கோட்டுக்குக் கோடு கத்தியது. துரைசாமி அதைத் தட்டிக்கொடுக்கவில்லை, ஒவ்வொரு வளைவையும் அகலமாகத் திரும்பினார்.

வளப்பூர் நாட்டில் எங்களுக்கு முன்பே கூட்டம் கூடியிருந்தது. பெரக்கரை நாட்டிலிருந்துகூட இரண்டு பெண்கள் சாமை மூட்டையோடு பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள். இறக்கி வைத்த இயந்திரம் முதலில் உமியை எங்கள் மேலும் அரிசியைத் தரையிலும் துப்பியது. பெல்ட்டை இறுக்கி, சல்லடையை மாற்றிப் போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் சரியாக ஓடியது. கையில் அள்ளிய சாமையரிசி சூடாக இருந்தது. இத்தனை நாளும் உரலில் குத்தியோ, மூட்டை தூக்கி அடிவாரம் வரை இறங்கியோ செய்த வேலை. பெரக்கரை நாட்டுப் பெண் ஒருத்தி தன் அரிசியை முகர்ந்து பார்த்துவிட்டு, "குத்துனாப்புலயே இருக்குதுங்க" என்று மலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வீடியோ எடுக்க மறந்து, பிறகு அவளை மறுபடி முகரச் சொல்லி எடுத்தேன்.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு, அதன் மேல் மலைத்தேனில் தோய்த்த பலாச்சுளை. பல் மருத்துவமனையில் இருந்தவள் சொல்லக் கூடாது, ஆனால் அந்தத் தேனையும் பலாச்சுளையையும் சேர்த்து நான் தின்ற அளவை என் பழைய டாக்டர் பார்த்திருந்தால் என்னை நாற்காலியில் கட்டிப்போட்டிருப்பார். ரஹீம் பாய் தொழுகையை முடித்துக்கொண்டு, பலா மரத்தடியில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார்.

இயந்திரத்தின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மலரின் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெகு நேரம். காத்திருக்கிறேன் என்றாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. துரைசாமி வற்புறுத்தவில்லை. காரின் பின் இருக்கையில் கிடந்த தார்ப்பாயையும் கயிற்றையும் எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்து, அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

"டிரெய்லரு காலியாத்தான வருது?" என்று அவள் என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பாயை எழுப்பி முன்னால் ஏற்றினோம். அவர் பெல்ட் போட்ட கையோடு தூக்கத்தைத் தொடர்ந்தார்.

டிரெய்லர் காலியாக வரவில்லை. மலேசியாக்காரிக்கு என்று அந்தப் பெண்கள் வரிசையாகப் பலாப்பழங்களைக் கொண்டுவந்து, கதவுக்குப் பக்கத்திலேயே, அதாவது டிரெய்லரின் கடைசி ஓரத்தில், அடுக்கி வைக்கோல் போட்டு மூடியிருக்கிறார்கள். சொன்னால் நான் வேண்டாம் என்பேனாம். அன்பு எப்போதும் பின்பக்கமாகவே ஏறுகிறது.

வளைவுகள் தொடங்குவதற்கு முன், மேலிருந்து இறங்கும் ஒரு நேர் ரோடு. காலி டிரெய்லர் என்ற தெம்பில் துரைசாமி கொஞ்சம் வேகமாக விட்டார். யாரோ பின்னால் நின்று காரின் இடுப்பைப் பிடித்து ஆட்டுவதுபோல் இருந்தது. முதலில் மெதுவாக. பிறகு டிரெய்லரின் மூலை என் பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தது, அடுத்து மலரின் பக்கம், மறுபடி என் பக்கம். ஒவ்வொரு முறையும் கூடுதலாக. ரோட்டின் வலப்பக்கம் மரத்தின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. மலரின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. துரைசாமியின் கால் பிரேக்குக்குப் போவதை நான் பார்த்தேன்.

"பிரேக்க மிதிக்காதீங்க" என்றாள் மலர். குரலை உயர்த்தவில்லை. "காலை மட்டும் எடுங்க. ஸ்டேரிங்க நேராப் புடிங்க. அதுவா அடங்கும்."

அவர் காலை எடுத்தார். காருக்கு அடியில் கடகடவென்று ஏதோ ஓடியது. சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடித்து விடும் சத்தம் அது. ஆட்டம் ஒரு முறை பெரிதாகி, பிறகு சிறியதாகி, பிறகு நின்றது. வேகம் குறைந்து, துரைசாமி மெல்ல ஓரங்கட்டி நிறுத்தியதும் பாய் கண் விழித்து, ஊர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

எல்லோரும் இறங்கினோம். வைக்கோலை விலக்கியதும் பாயின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பெண் கொடுத்த தகப்பன் தாலி கட்டும் நேரத்தில் தூங்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தார். துரைசாமி காரில் சாய்ந்து நின்றார்.  

"நீ பஸ்ஸுலயே வா மலரு. பஸ் வார வரைக்கும் நானும் இங்கயே நிக்கறேன்" என்றார்.

அவள் ரோட்டோரம் போய், கீழே தெரிந்த மர உச்சிகளைப் பார்த்தபடி நின்றாள்.  ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. திரும்பி வந்தாள்.

"பழத்த எல்லாம் முன்னாடி தள்ளுங்க" என்றாள்.

நான்கு பேரும் சேர்ந்து தள்ளினோம். பாய் டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்து, முதுகு முனகுகிறது என்று சான்றிதழ் கொடுத்தார். பழங்கள் உருளாமல் கயிறு கட்டினோம். நான் பின்கதவைத் திறந்து மலருக்காகக் காத்தேன். அவள் முன்கதவுக்குப் போனாள்.

"பாய், நீங்க பின்னாடி உக்காருங்க. முன்னாடி இருந்தாத்தான் எனக்கு ரோடு தெரியும்."

பிளாஸ்டிக் உறை கரகரத்தது. அவள் குனிந்து அதை இழுத்துப் பிரித்து, சுருட்டிக் காலடியில் போட்டாள். துரைசாமி வண்டியை எடுத்தார்.

இரண்டாம் கியரில், காளை மாட்டின் வேகத்தில் இறங்கினோம். வழியில் ஓர் இடத்தில் பிரேக் சூடாகிவிடக் கூடாது என்று நிறுத்தி மிளகாய் போட்ட அன்னாசிப்பழம் தின்றோம். யார் காப்பாற்றியது என்ற விவாதம் அங்கே தொடங்கி அடிவாரம் வரை நீண்டது. காரின் கம்ப்யூட்டர் என்றார் துரைசாமி. தன் சங்கிலி என்றார் பாய். சங்கிலிக்கு அன்று வேலையே வரவில்லை என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. மலர் எந்தக் கட்சியிலும் சேராமல், அடுத்த வளைவில் பஸ் வருகிறது, ஒதுங்குங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிந்தைய நாள்கள் பலாப்பழத்தில் கழிந்தன. தெருவுக்கெல்லாம் கொடுத்தும் தீரவில்லை. பாய்க்கு ஒன்று கொடுத்தபோது, இதுதானா என்னைக் கெடுத்தது என்று அதை முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நான் கிளம்பும் காலையில் நாமக்கல் வரை கொண்டுவிடுவதாகத் துரைசாமி சொல்லியிருந்தார். பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது ஓட்டுநர் இருக்கையில் மலர் இருந்தாள். லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகிறது, அதிலிருக்கும் படத்தில் தானே தனக்குத் தங்கை மாதிரி இருக்கிறேன் என்றாள். நான் முன்னால் ஏறினேன். துரைசாமி என் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்தார். பெல்ட் போட்டுக்கொண்டார்.

அவள் நிதானமாக ஓட்டினாள். கோட்டைத் தாண்டவில்லை. கார் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கத்தாத காரை நான் அன்றுதான் கேட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை முன்னால் ஒரு மொபெட்டோ ஆட்டோவோ தெரிந்தபோதும் என் இருக்கையின் முதுகில் ஏதோ இடித்தது. திரும்பிப் பார்த்தேன். துரைசாமி இரண்டு கையாலும் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் என் இருக்கையில் இடிக்க, வலது காலால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

மலர் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அங்க பிரேக்கு இல்லீங்க" என்றாள்.